தூர் வாருகிறவர்களுக்கு யார் படியளப்பது?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2022 ஜனவரியில் ஸ்வீடனில் இருக்கும் டேனியல் ஸ்டென்பெர்க் என்பவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது கோடிக்கணக்கான டாலர் புரளும் ஒரு பெரிய நிறுவனம். உங்கள் பொருளில் லாக்ஃபோர்ஜே இருக்கிறதா, இருந்தால் எந்தப் பதிப்பு, உங்களுக்குப் பாதிப்பு ஏதும் உண்டா, எப்போது சரிசெய்வீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள். 24 மணி நேரத்துக்குள் பதில் வந்தாக வேண்டும் என்று கெடு வேறு.

ஸ்டென்பெர்க் பராமரிக்கும் மென்பொருளின் பெயர் கர்ல். இணையத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தரவைக் கொண்டுபோகும், கொண்டுவரும். அதுதான் அதன் வேலை. 1998இல் அந்தப் பெயரில் முதல் பதிப்பு வந்தது. இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி, வீட்டுத் தொலைக்காட்சி, புதுக் கார் என்று எதைத் திறந்தாலும் உள்ளே பெரும்பாலும் அது இருக்கும். லாக்ஃபோர்ஜே என்பதோ ஜாவா மொழி நிரல்களுக்கான துணைக்கருவி. கர்ல் எழுதப்பட்டது சி மொழியில். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இன்னொன்று, அந்த நிறுவனம் ஸ்டென்பெர்க்குக்கு அதுவரை ஒரு காசு கொடுத்ததில்லை.

அவர் கோபப்படவில்லை. ஆதரவு ஒப்பந்தம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், எல்லாக் கேள்விக்கும் சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன் என்று எழுதினார். அடுத்து வந்த கடிதம் அவரை "டேவிட்" என்று விளித்தது. நாங்கள் உங்கள் வாடிக்கையாளர் இல்லை என்கிறீர்களா என்று அதில் கேட்டிருந்தார்கள். நிறுவனத்தின் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, அந்தக் கடிதங்களை அவரே பொதுவில் போட்டார்.

யாரோ ஓர் அதிகாரி பட்டியலில் கண்ட பெயர்களுக்கெல்லாம் ஒரே படிவத்தை அனுப்பியிருக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. எதிர்முனையில் இருப்பவர் நமக்கு எந்த விதத்திலும் கடமைப்படாத மனிதராக இருக்கலாம் என்பதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. அந்தக் கடிதத்துக்குக் காரணமான லாக்ஃபோர்ஜேயின் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானது 2021 டிசம்பரில். அதை அடைத்தவர்கள் அப்பாச்சி அறக்கட்டளையின் தன்னார்வலர்கள். பகலில் வேறெங்கோ வேலை பார்த்துவிட்டு இரவில் கண்விழித்து அடைத்தார்கள். திட்டும் அவர்களுக்குத்தான் விழுந்தது.

கர்ல், லாக்ஃபோர்ஜே போல நிரலை எல்லோருக்கும் திறந்து வைப்பது திறமூல மென்பொருள். அதைப் பற்றிப் பேசும்போது நாம் எழுதுவதைப் பற்றியே பேசுகிறோம். ஒரு கெட்டிக்காரர் ஒரு விடுமுறையில் எழுதி முடித்துவிடுவார். அதன்பின் இருபது ஆண்டு அதைக் கட்டிக்காக்க வேண்டும். புதிய இயங்குதளம் வரும், பழைய நூலகம் காலாவதியாகும், யாரோ ஓர் ஓட்டையைக் கண்டுபிடிப்பார், இன்னொருவர் ஏற்கெனவே மூன்று முறை கேட்கப்பட்ட கேள்வியை நான்காவது முறை கேட்பார். நம் ஊர் ஏரியை நினைத்துப் பாருங்கள். வெட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும், சில ஊர்களில் ஏரிக்கே அவர் பெயர்தான். தூர் வாரியவர் பெயர் எங்கே? ஆனால் நம் முன்னோருக்கு விவரம் தெரிந்திருந்தது. உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்றே ஒரு குழுவைச் சொல்கின்றன. குடவோலை போட்டு ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்த குழு. ஏரிப்பட்டி என்று நிலத்தை ஒதுக்கி, அதன் வருவாயை ஏரிப் பராமரிப்புக்கென்றே வைத்த ஊர்களும் உண்டு. வெட்டுவதற்கு ஒரு மன்னன் போதும். வாருவதற்கு ஆள் ஏற்பாடும் வேண்டும், வருமான ஏற்பாடும் வேண்டும். இணையத்தில் வெட்டியாயிற்று, பட்டி நிலத்தைத்தான் யாரும் ஒதுக்கவில்லை.

ஒதுக்காததன் விலை 2014 ஏப்ரல் 7 அன்று தெரிந்தது. வங்கித் தளத்துக்குப் போனால் முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் வருமே, அந்தப் பூட்டுக்குப் பின்னால் வேலை செய்யும் மென்பொருள்களில் பிரதானமானது ஓபன்எஸ்எஸ்எல். அதில் "இதயத்துடிப்பு" என்று ஒரு வசதி சேர்த்திருந்தார்கள். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, இந்தப் பக்கம் ஒரு சொல்லை அனுப்பி, இது இத்தனை எழுத்து, அப்படியே திருப்பி அனுப்பு என்று கேட்கும். சரி, நான்கே எழுத்துச் சொல்லை அனுப்பிவிட்டு, 64 ஆயிரம் எழுத்து என்று பொய் சொன்னால்? ஓபன்எஸ்எஸ்எல் எண்ணிப் பார்க்கவில்லை. கேட்ட அளவு கொடுத்தது. நான்கு எழுத்துக்கு அப்பால், தன் நினைவகத்தில் பக்கத்தில் எது கிடந்ததோ அதையெல்லாம் அள்ளிக் கொடுத்தது. அதில் யாருடைய கடவுச்சொல்லும் இருக்கலாம், தளத்தின் ரகசியச் சாவியே இருக்கலாம். கேட்டவர் தடயமும் விடமாட்டார். ஹார்ட்பிளீட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த நிரல் சேர்ந்தது 2011 கடைசியில், வெளியானது 2012 மார்ச்சில். இரண்டு ஆண்டுகள் உலகத்தின் கண்ணெதிரே கிடந்தது. திறந்து கிடக்கும் நிரலை ஆயிரம் பேர் பார்ப்பார்கள் என்பது நம் வட்டாரத்தில் பெரிய நம்பிக்கை. பார்க்கலாம் என்பது வேறு, பார்ப்பார்கள் என்பது வேறு.

அந்த மென்பொருளுக்கு வந்த பொதுநன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்தார்கள். மீதி வருமானம் ஆலோசனை ஒப்பந்தங்களிலிருந்து வந்தது. ஒப்பந்தம் கொடுத்தவர் தனக்கு வேண்டிய வசதிக்கும் சான்றிதழுக்கும்தான் காசு கொடுப்பார், பழைய நிரலை உட்கார்ந்து சரிபார்ப்பதற்குக் கொடுக்கமாட்டார். அதன் நிதியைக் கவனித்துக்கொண்ட ஸ்டீவ் மார்க்வெஸ் அப்போது எழுதியதன் சாரம் இது: வேலைப்பளுவில் திணறும் சில தன்னார்வலர்கள் இந்தப் பிழையைத் தவறவிட்டதில் ஆச்சரியமில்லை, இப்படி இன்னும் அடிக்கடி நடக்காததுதான் ஆச்சரியம்.

பிறகு பணம் வந்தது. லினக்ஸ் அறக்கட்டளை ஒரு நிதியைத் தொடங்க, பெரிய நிறுவனங்கள் ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வீதம் மூன்று ஆண்டுக்குத் தருவதாக முன்வந்தன. ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு முழுநேர நிரலர் இருவருக்கான சம்பளம் அதிலிருந்து கிடைத்தது. கவனியுங்கள், இருவர். உலகத்தின் பூட்டுக்குக் கூடுதலாகத் தேவைப்பட்ட ஆட்கள் அவ்வளவுதான்.

ஜெர்மனியின் வெர்னர் கோக் கதையும் இதே வார்ப்பு. மின்னஞ்சலை மறையாக்கம் செய்யும் குனூபிஜி மென்பொருளை 1997 முதல் எழுதிவருபவர். அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன் பத்திரிகையாளர்களோடு பேசப் பயன்பட்டது அதுதான். கோக் பணமில்லாமல் திண்டாடுகிறார் என்று 2015 பிப்ரவரியில் புரோபப்ளிகா செய்தித் தளம் செய்தி போட்டது. ஒரே நாளில் நன்கொடை கொட்டியது. பேஸ்புக்கும் ஸ்டிரைப்பும் ஆண்டுக்கு ஆளுக்கு 50,000 டாலர் தருவதாக அறிவித்தன. நல்லதுதான். ஆனால் செய்தியில் பெயர் அடிபட்ட பிறகே பணம் வரும் என்றால், பெயர் அடிபடாத மற்றவர்கள் என்ன செய்வது?

2024இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். உலகம் பயன்படுத்தும் திறமூல மென்பொருளை நிறுவனங்கள் தாங்களே எழுத வேண்டியிருந்தால் 8.8 லட்சம் கோடி டாலர் செலவாகும். எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு முறை எழுதினால் 415 கோடி டாலர் போதும். அந்த மதிப்பில் 96 சதவீதத்தை உருவாக்கியவர்கள் நிரலர்களில் 5 சதவீதம் பேர். இந்த மாதிரி மதிப்பீடுகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை, அனுமானம் நிறைய. ஆனால் அந்த 5 சதவீதம், திட்டங்களுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு வியப்பாக இருக்காது.

"அப்படியானால் இன்னும் நிறைய தன்னார்வலர்களைச் சேர்க்க வேண்டியதுதானே?" எல்லாக் கூட்டத்திலும் வரும் யோசனை இது. பாதி சரி. பிரெடரிக் புரூக்ஸ் 1975லேயே ஒரு புத்தகத்தில் எச்சரித்தார், தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் இன்னும் தாமதமாகும் என்று. புதிதாக வருபவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுக்க வேண்டியவர் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் அதே ஆள். புதியவர் அனுப்பும் ஒரு திருத்தத்தை வரிவரியாகப் படித்து, ஏன் இது சரிவராது என்று மனம் நோகாமல் எழுதி அனுப்ப ஒரு மாலை போய்விடும். அதை அவரே எழுதியிருந்தால் அரைமணி நேரம். அந்த மாலை ஒரு முதலீடு, வந்தவர் ஆறு மாதம் நிலைத்தால். பெரும்பாலோர் நிலைப்பதில்லை.

இங்கே கல்லூரி மாணவர்கள் நிறைய உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கு ஒரு சங்கதி. அக்டோபர் மாதத்தில் நான்கு திருத்தங்கள் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் இலவசம் என்று டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் ஆண்டுதோறும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நடத்தியது. 2020இல் அதை எப்படிச் சுலபமாக வாங்குவது என்று இங்கே ஒரு காணொளி வந்தது. அறிமுகக் கோப்பில் "அருமையான திட்டம்" என்று இரண்டு சொல் சேர்த்து அனுப்பினால் போதும். நம் நாட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். உலகெங்கும் பராமரிப்பாளர்கள் அந்த வாரம் முழுக்கக் குப்பை பொறுக்கினார்கள். மாதம் பிறந்த சில நாட்களிலேயே நிறுவனம் விதியை மாற்ற வேண்டியதாயிற்று: விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பினால்தான் கணக்கு. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் எண்ணிக்கைதான் வரும். இப்போது செயற்கை நுண்ணறிவின் புண்ணியத்தில் இரண்டு சொல்லுக்குப் பதில் இரண்டு பக்கம் வருகிறது. பாதுகாப்பு ஓட்டை கண்டேன் என்று இயந்திரம் எழுதிக் கொடுத்த கற்பனை அறிக்கைகள் கர்லுக்குக் குவிந்து, கடைசியில் அவர்கள் பரிசுத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு வகைத் தன்னார்வலரும் உண்டு. எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு மென்பொருள் அநேகமாக எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கிறது. பல ஆண்டுகளாக அதைப் பார்த்துக்கொண்டவர் ஒருவர்தான். அவர் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. வேண்டிய மட்டும் அடிபட்டுவிட்டது. 2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். ஒழுங்கான, பயனுள்ள திருத்தங்கள். 2022இல் வேறு சில பெயர்களிலிருந்து புகார்கள் வந்தன. புதிய பதிப்பு ஏன் வரவில்லை? அனுப்பிய திருத்தம் ஏன் கிடப்பில் கிடக்கிறது? உங்களால் முடியவில்லையென்றால் முடிகிறவரிடம் கொடுங்களேன். பராமரிப்பாளர் பொறுமையாகவே பதில் எழுதினார்: ஆர்வம் போய்விடவில்லை, மனநலம் நெடுநாளாகச் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வையுங்கள். ஜியா டான் உதவ இருக்கிறார், பொறுப்பைப் பகிரலாம் என்று யோசிக்கிறேன் என்றும் சொன்னார்.

பகிர்ந்தார். 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் ஒரு பின்வாசல் இருந்தது. மென்பொருளைச் சோதிக்கவென்று வைக்கும் மாதிரிக் கோப்புகளுக்குள் அதைப் பொதிந்திருந்தார்கள். அதைத் திறந்து கோக்கும் வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தன. நினைத்தபடி நடந்திருந்தால் உலகில் எண்ணற்ற சர்வர்களுக்குள் சாவியில்லாமல் நுழைந்திருக்கலாம். பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், மைக்ரோசாப்டில் வேலை பார்க்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலர். வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவது கண்ணில் பட்டது. விடாமல் துருவினார். மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். அப்போது அது பெரும்பாலும் சோதனைப் பதிப்புகளைத் தாண்டிப் பரவியிருக்கவில்லை.

இந்தக் கதையை ஒற்றாடல் கதையாகச் சொல்வார்கள். அந்தப் புகார்க் கடிதங்கள் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம். அவை திட்டமிட்டு எழுதப்பட்டவை என்றே பின்னால் பார்த்தவர்கள் கருதுகிறார்கள். எழுதிய நேரத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? உண்மையான பயனர்களும் நாள்தோறும் அதே தொனியில்தான் எழுதுகிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ள அவர்களுக்கு இடம் கொடுத்தது நம் பழக்கம். சோர்ந்துபோன ஒருவருக்கு உதவி என்று யார் வந்தாலும் தெய்வம் வந்ததுபோல்தான் தோன்றும்.

அதனால் ஆள் குறைவான திட்டங்களுக்கு நான் முதலில் சொல்வது, மறுக்கப் பழகுங்கள் என்பது. இதில் உச்சத்துக்குப் போனவர்கள் எஸ்கியூலைட் குழுவினர். ரிச்சர்ட் ஹிப் 2000இல் தொடங்கிய தரவுத்தளம். உங்கள் வாட்ஸ்அப் உரையாடல்கள் கைபேசியில் அதில்தான் பதிகின்றன. அதைக் காப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். நிரலை யாரும் எடுக்கலாம், விற்கலாம், உரிமக் கட்டுப்பாடே கிடையாது. ஆனால் நீங்கள் எழுதி அனுப்பும் நிரலை அவர்கள் சேர்க்கமாட்டார்கள். பிழையைச் சொல்லுங்கள், நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்பார்கள். சோதனைக்கென்று அவர்கள் எழுதி வைத்திருக்கும் நிரல், மூல நிரலைப்போல ஐந்நூறு மடங்குக்கும் மேல். செலவுக்கு, அதை நம்பியிருக்கும் நிறுவனங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு ஆண்டுக் கட்டணம் கட்டுகிறது. 2050 வரை பராமரிப்போம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

எல்லோரும் இப்படிக் கதவை அடைத்தால் திறமூலம் என்ற சமூகமே இருக்காது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் இது கொஞ்சம் கறார்தான். ஆனால் அவர்கள் தங்கள் ஆள் பலத்தை அளந்து, அதற்கேற்ப வேலையை வெட்டினார்கள். மற்றவர்கள் வேலையை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு ஆளைப் பின்னால் தேடுகிறோம். ஹார்ட்பிளீடுக்குக் காரணமான இதயத்துடிப்பு வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வந்த பங்களிப்பு. பெரும்பாலான தளங்களுக்கு அது தேவையே இல்லை, ஆனால் எல்லோருக்கும் தானாகவே இயங்கும்படி வைத்திருந்தார்கள். அன்றைக்கு "நல்ல வேலை, ஆனால் எங்களால் இதைக் காப்பாற்ற முடியாது" என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த 2014 இல்லை.

காசு விஷயத்துக்கு வருகிறேன். நிறைய வழிகள் உண்டு. சிலதை வேகமாகச் சொல்லிவிட்டு, ஒன்றில் நிற்கிறேன்.

ரசிகர்கள் கொடுப்பது முதல் வழி. முப்பரிமாண அசைவூட்டத்துக்கான பிளெண்டர் மென்பொருளின் நிறுவனம் 2002இல் இழுத்து மூடப்பட்டது. ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் நிரலைத் திறந்துவிடுகிறோம் என்றார்கள் முதலீட்டாளர்கள். அதை எழுதிய டான் ரோசன்டால் மக்களிடம் கேட்டார். ஏழு வாரத்தில் சேர்ந்துவிட்டது. பின்னாளில் மாதச் சந்தாவும் நிறுவனப் பங்கும் சேர்ந்து அது நிலைத்தது. 2025இல் ஆஸ்கர் வாங்கிய "ஃப்ளோ" படம் அதில் செய்ததுதான். ஆனால் பிளெண்டர், கலைஞர் நாள் முழுக்க முகம் பார்த்து வேலை செய்யும் மென்பொருள். அதற்கு ரசிகர் உண்டு. எக்ஸ்இசட்டுக்கு எங்கே ரசிகர்? கண்ணில் படாத மென்பொருளுக்குச் சந்தா வராது.

ஸ்டென்பெர்க் எடுத்தது இரண்டாவது வழி. 2019இல் வுல்ஃப்எஸ்எஸ்எல் என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். அவர்கள் கர்லுக்கு ஆதரவு ஒப்பந்தம் விற்கிறார்கள், அவர் முழுநேரமும் கர்லைக் கவனிக்கிறார். அதனால்தான் அந்த "டேவிட்" கடிதத்துக்கு அவ்வளவு நிதானமாகப் பதில் எழுத முடிந்தது. விலைப்பட்டியல் கையில் இருப்பவருக்குப் பணிவும் சுலபம்.

அரசு கொடுப்பது மூன்றாவது. ஜெர்மனி 2022இல் இறையாண்மைத் தொழில்நுட்ப நிதி என்று ஒன்றைத் தொடங்கி, புதுக் கண்டுபிடிப்புக்கு என்று கேட்காமல் பராமரிப்புக்கென்றே கொடுக்கிறது. கர்ல், லாக்ஃபோர்ஜே இரண்டும் அதில் பெற்றிருக்கின்றன. எனக்குத் தெரிந்து ஏரிப்பட்டிக்கு மிக நெருங்கி வந்த ஏற்பாடு இதுதான். ஆனால் அரசுப் பணத்தில் நிபந்தனையும் வரும். பைதான் மென்பொருள் அறக்கட்டளையின் ஆண்டுச் செலவே சுமார் 50 லட்சம் டாலர். அமெரிக்க அரசின் அறிவியல் அமைப்பிடமிருந்து 15 லட்சம் டாலர் கிடைக்க இருந்த நேரத்தில், பன்முகத்தன்மைப் பணிகள் எதையும் நடத்தக்கூடாது, மீறினால் கொடுத்ததையும் திரும்பப் பெறுவோம் என்ற நிபந்தனையைக் கண்டு 2025 அக்டோபரில் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றார்கள். ஏழையாக இருந்துகொண்டு வேண்டாம் என்று சொல்வதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

நம் பக்கம், பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்று ஒரு திறமூல நிதி அறிவித்தது. விண்ணப்பிக்க, எங்களுக்கு இன்னின்ன செலவு, இவ்வளவு தேவை என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதித் திட்டத்தோடு வைக்க வேண்டும். கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு அந்தக் கோப்பு நல்ல பயிற்சி. நம்மவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கூச்சம் உண்டு. சேவை என்று தொடங்கியதற்குக் காசு கேட்பதா என்பார்கள். சர்வர் வாடகையைச் சொந்தப் பையிலிருந்து கட்டுவார்கள், மூன்றாம் ஆண்டில் சத்தமில்லாமல் தளம் மூடியிருக்கும்.

நிற்கிறேன் என்று சொன்ன இடம் இது. எந்த வழியில் வந்தாலும், பணத்தை எதற்குக் கொடுக்கிறோம்? புதிய வசதிக்குக் கொடுப்பதுதான் எல்லோருக்கும் பிடிக்கும். அறிக்கையில் காட்டலாம், பெயர் போடலாம். கொடுத்தவர் அடுத்த ஆண்டு போய்விடுவார். வசதி போகாது. அதன் பிழைகளுக்கு, ஆவணத்துக்கு, சோதனைக்கு அதே பழைய இரண்டு பேர்தான் மாரடிக்க வேண்டும். அப்படி வரும் நன்கொடை திட்டத்தைக் கடனாளி ஆக்கிவிட்டுப் போகிறது. ஏற்கெனவே வேலையைச் செய்துகொண்டிருப்பவரின் வாரத்தில் ஒரு நாளை வாங்கிக் கொடுப்பது அதைவிட எவ்வளவோ மேல். என்ன செய்தாய் என்று அறிக்கை கேட்டால், "குவிந்து கிடந்த புகார்களைப் படித்தேன், பாதியை மூடினேன்" என்பார். அதற்குத்தான் காசு. தொகை சிறிதாக இருக்கட்டும், மாதாமாதம் வரட்டும்.

பணமே இல்லாமல் நிலைத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். உலகின் எல்லா ஊர்களின் நேரக் கணக்கையும் ஒரு தரவுத்தொகுப்பு வைத்திருக்கிறது. கைபேசி ஊருக்கு ஊர் தானாக மணியை மாற்றிக்கொள்வது அதன் தயவில். 1986 வாக்கில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் தொடங்கினார். அதைத் திறந்தால் கொழும்புக்கென்று சில வரிகள் இருக்கும். 1996 மே மாதம் இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அக்டோபரில் அரைமணி பின்னே இழுத்தது, 2006 ஏப்ரலில் இன்னொரு அரைமணி இழுத்துப் பழைய இடத்துக்கே வந்தது. புலிகள் பகுதியில் அந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை, பத்து ஆண்டு பழைய நேரத்திலேயே இருந்தார்கள் என்ற செய்தியும் அங்கே குறிப்பாக உண்டு. வன்னியில் அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது செய்தியில்லை. ஒரு கணினிக் கோப்பில் அது பதிந்து கிடப்பது எனக்குச் செய்தி.

2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடை நேரத்தைத் தள்ளிவைக்கிறோம் என்று இரண்டே நாள் முன்னால் அறிவித்தது. நேரத் தொகுப்பின் புதிய பதிப்பு அன்றே வந்தது. தேவாலயங்கள் ஏற்கவில்லை, ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது, நான்கு நாளில் அரசு பின்வாங்கியது. மறுநாளே முந்தையதை ரத்துசெய்து இன்னொரு பதிப்பு. ஓர் அமைச்சரவையின் தடுமாற்றத்தை உலகக் கடிகாரங்களுக்கு மொழிபெயர்த்தது பால் எக்கர்ட் என்ற கணிப்பொறியாளரும் ஒரு மின்னஞ்சல் குழுவும்.

இவர்களுக்கும் கண்டம் வந்தது. 2011இல் ஜாதகம் கணிக்கும் மென்பொருள் விற்கும் அஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்க நிறுவனம், எங்கள் பழைய நேரக் குறிப்புகளைத் திருடிவிட்டார்கள் என்று ஓல்சன், எக்கர்ட் இருவர்மீதும் வழக்குப் போட்டது. பிறந்த நேரம் இல்லாமல் ஜாதகம் ஏது? ஓல்சன் சர்வரை நிறுத்தினார். சில நாட்களிலேயே இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு தொகுப்பை ஏற்று நடத்தத் தொடங்கியது. வழக்கும் அடுத்த பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. இவ்வளவு விரைவில் கை மாறியது எப்படி? ஓல்சன் ஓய்வுபெறப் போகிறார், அடுத்து யார், எந்த முறையில் என்று முன்னதாகவே பேசி வரைவு எழுதிவைத்திருந்தார்கள். பொறுப்பாளரை யார் நியமிப்பது, அவர் சரியில்லையென்றால் யாரிடம் முறையிடுவது என்றெல்லாம் சொல்லும் ஆவணம் 2012இல் முறையாக வெளியானது. சில பக்கம்தான். எக்ஸ்இசட்டுக்கு அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், சோர்ந்த மனிதர் ஒருவர் தனியாக உட்கார்ந்து யாரை நம்புவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்திருக்காது.

கடைசியாக, நிரல் எழுதத் தெரியாத நாங்கள் என்ன செய்வது என்று முன்வரிசையில் இருக்கும் ஐயா தொடங்கும்முன் கேட்டார். தமிழ் தெரியும் அல்லவா, அதுவே போதும். "கொ" என்ற எழுத்தைத் தட்டுகிறீர்கள். கணினியின் கணக்கில் முதலில் ககரம், பிறகு ஒகர உயிர்க்குறி. திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் உட்காரவைப்பது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நூலகம். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்பாக்ஸ், லிப்ரேஆபிஸ் எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. அதை எழுதியவர்களுக்குத் தமிழ் தாய்மொழி இல்லை. ஓர் எழுத்துருவில் எங்கோ ஒரு கொம்பு இடம் மாறி விழுந்தால் நம் கண்ணுக்குத்தான் தெரியும். எந்த எழுத்துரு, எந்தப் பதிப்பு, என்ன தட்டினீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று ஒரு படத்தோடு எழுதி அனுப்புங்கள். அதற்கு முன், அதே புகார் ஏற்கெனவே இருக்கிறதா என்று பத்து நிமிடம் தேடுங்கள். இருந்தால் புதிதாகப் போடாமல் அதில் உங்கள் படத்தைச் சேருங்கள். மென்பொருள்களின் தமிழ் மொழிபெயர்ப்பில் புதுச் சொற்கள் குவிகின்றன, சரிபார்க்க ஆளில்லை, அதில் உட்காருங்கள். டி-ஷர்ட் கிடைக்காது.

நிறுவனம் நடத்துகிறவர்கள் இங்கே இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். உங்கள் பொறியாளரிடம், நம் செயலி எந்தெந்தத் திறமூல நூலகங்களின் மேல் நிற்கிறது என்று ஒரு பட்டியல் கேளுங்கள். ஒரு கட்டளையில் எடுத்துவிடலாம். நூற்றுக்கணக்கில் வரும், பயந்துவிட வேண்டாம். ஒரே ஒருவர் மட்டும் பராமரிப்பவை எவை என்று பிரியுங்கள். அதில் ஒன்றுக்கு இந்த மாதம் தொடங்கி ஏதாவது அனுப்புங்கள். புதிய வசதி எதுவும் கேட்காதீர்கள்.

நேரமாகிவிட்டது, கேள்விகளுக்குப் போகலாம்.